பிடிக்காத எஞ்சின்

பாப்பா,

நீ போட்ட இன்லேண்ட் லெட்டர் நேற்று வந்து சேர்ந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குத் தீர்த்தமலையில் மொட்டையடித்துக் காது குத்தப் போவதை எழுதியிருக்கிறாய். உன் மாமன் செல்வராசு தன் லாரியை எடுத்துக்கொண்டு அயோத்தியாப்பட்டணத்துக்கே வந்து, உன் மாமியார் வீட்டு ஜனம் மொத்தத்தையும் ஏற்றி வந்து, விசேஷம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடப் போவதையும் எழுதியிருக்கிறாய். இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரியையும் படித்தேன். "இந்த விசேஷத்திலாவது வாயத் தொறந்து எதையும் சொல்லிடாதீங்கப்பா." சரி, வாயைத் திறக்கவில்லை. எழுதுகிறேன். அந்த லாரியில் நீ ஏறாதே. பிள்ளையை ஏற்றாதே. வரும்போது ஏறினால்கூடப் போகட்டும், திரும்பிப் போகையில் மஞ்சவாடிக் கணவாய் இறங்கும் நேரத்தில் என் மகளும் பேரனும் அந்த வண்டிக்குள் இருக்கக் கூடாது. இதை எழுத இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வயசாகிவிட்டது என்கிறாள் உன் அம்மா. வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ அந்த லாரியில் வளர்ந்தவள்தான். அப்போது அது நம்முடையது, அதன் எஞ்சினும் வேறு. இப்போது ரோட்டில் ஓடுகிற பெரிய லாரிகள் மாதிரி இல்லாமல் நடுத்தர வண்டி என்பதால் களத்து மேடு வரைக்கும் உள்ளே கொண்டுபோய் மூட்டை ஏற்றலாம். கம்பைநல்லூர்க் கடலைக்காயும் சித்தேரி அடிவாரத்துப் புளியும் சாமையும் ஏற்றி நான் அரூருக்கும் சேலத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நீயும் தொற்றிக்கொள்வாய். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் தகரப் பெட்டியின் மேல் சாக்கை மடித்துப் போட்டு உன்னை உட்கார வைப்பேன். மார்கழிக் குளிரில் அந்தச் சூடு உனக்கு இதமாக இருக்கும். ஒருநாள் இரண்டு கையையும் தகரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, வண்டிக்குக் காய்ச்சல் அடிக்குது, இன்னிக்கு வேலைக்குப் போவ வேண்டாம்" என்றாய். சேலம் போய்ச் சேரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்தப் பழைய எஞ்சினிடம் ஒரு குணம் இருந்தது, அதை நீ புரிந்துகொண்டால்தான் மீதி புரியும். எவ்வளவு பாரம் இருந்தாலும் சரி, இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் போதும். எஞ்சின் தானே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு முனகி முனகி இறங்கும். பிரேக்கைச் சும்மா தொட்டுக்கொண்டால் சரியாக இருக்கும். இதைச் சொல்ல எங்கள் டிரைவர்களுக்கு ஒரே வார்த்தைதான். நல்ல எஞ்சினைப் பார்த்தால் "எறக்கத்துல நல்லா புடிக்கும்" என்போம், ஆகாத எஞ்சின் என்றால் "புடிக்காது" என்போம். டீக்கடையில் நான்கு டிரைவர்கள் உட்கார்ந்து புடிக்கும், புடிக்காது என்று பேசிக்கொண்டிருந்தால் அது பெண் பார்த்த கதையோ சாப்பாட்டுக் கதையோ இல்லை. இந்த ஒரு வார்த்தைதான் உன்னையும் என்னையும் இத்தனை காலம் பேசவிடாமல் செய்துவிட்டது.

உனக்கு நிச்சயம் ஆன அதே கோடையில் அந்த எஞ்சின் செத்தது. புளி மூட்டையோடு அரூருக்கு முன்னால் ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தேன். உள்ளே எதையோ கடப்பாரையால் அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் ஆயில் ரோட்டில் ஓடுகிறது. தர்மபுரியில் காதர் பாய் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, கிராங்க் தண்டு உடைந்து, எஞ்சின் கூடான பிளாக்கிலும் வெடிப்பு விட்டிருப்பதைக் காட்டினார். "இந்த எஞ்சின் செய்யறதையே கம்பெனிக்காரன் எப்பவோ நிறுத்திட்டானுங்க. இனிமே இதுக்குச் சாமான் தேடிக்கிட்டு அலையாதீங்க, வேற எஞ்சினத்தான் வைக்கணும்" என்றார். நான் கேட்கவில்லை. சேலத்திலும் ஈரோட்டிலும் பெங்களூர்ப் பழைய இரும்புக் கடைகளிலும் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு கடைக்காரன் ஒரு பஸ் எஞ்சினைக் காட்டினான். எந்த ஊர் பஸ், ஏன் உடைத்தார்கள் என்று கேட்டேன். அவன் கன்னடத்தில் பக்கத்திலிருந்தவனிடம் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து, "அதெல்லாம் எதுக்குங்க, எஞ்சின் நல்லா இருக்குதா பாருங்க" என்றான். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு நன்றாகப் படவில்லை. ஆனால் கல்யாணம் நெருங்கிவிட்டது, வண்டி இல்லாமல் எந்த வேலையும் ஓடாது, வாங்கிவிட்டேன்.

ஒரு வண்டிக்கு வேறு வண்டியின் எஞ்சினை மாட்டுவது லேசான வேலை இல்லை, பாப்பா. அதன் கால் இதன் சட்டத்தில் உட்காராது. காதர் பாய் பழைய தாங்கிகளை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைத்தார். ஃபேன் போய் ரேடியேட்டரில் இடித்ததால் ரேடியேட்டரை முன்னால் தள்ளினார். கியர்பாக்ஸ் பழையது, எஞ்சின் புதிது, இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்து வைத்தார். இதெல்லாம் சரியாகவே செய்தார், அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒன்றை அவராலும் மாற்ற முடியவில்லை. நம் லாரியில் பிரேக்கை மிதிக்கக் கால் பலம் மட்டும் போதாது, கூட உதவிக்கு ஒரு வேக்கம் பம்பு காற்றை உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். பழைய எஞ்சினில் அந்தப் பம்பு உள்ளே பல்சக்கரத்தில் ஓடியது, எஞ்சின் ஓடும் வரைக்கும் அதுவும் ஓடும். புதியதில் அதற்கு இடமே இல்லை. அதனால் வெளியே ஓரமாக மாட்டி, ஒரு ரப்பர் பெல்ட்டைப் போட்டு ஓட வைத்தார். ஓட்டிப் பார்க்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சமதரையில உங்க பழைய எஞ்சினவிட நல்லா போவும். ஆனா எறக்கத்துல இது புடிக்காதுங்க. காலி வண்டியா ஓட்டிப் பழகுங்க. ஜனத்த ஏத்தறதுக்கு அவசரப்படாதீங்க." நான் தலையாட்டினேன். ஊருக்குள் கொண்டுவந்தபோது ஆளாளுக்கு வண்டியின் வேகத்தைப் பார்த்து மெச்சினார்கள். எனக்கு மட்டும் அதன் சத்தம் ஒட்டவே இல்லை, நம் வீட்டுக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

இனி உன் கல்யாணக் கதை. உன் மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அன்றும் கிடையாது. கல்யாணத்தை நம் ஊரில் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன், அவர்கள் தங்கள் ஊரில்தான் என்றார்கள். அதற்கு முறுக்கிக்கொண்டு நிச்சயத்தன்று பந்தியிலிருந்து சாப்பிடாமல் எழுந்து போனேன். என் கோபம் உனக்குத் தெரியாததா, மறுநாளே ஆறிவிட்டது. ஆனால் இலையை விட்டு எழுந்த சம்பந்தி என்று அவர்கள் வீட்டில் எல்லோர் மனசிலும் விழுந்துவிட்டது. அது விழுந்திருக்காவிட்டால் பின்னால் நான் சொன்ன வார்த்தையை யாரும் அப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பெண் அழைப்புக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். முன்னால் நீயும் உன் அம்மாவும். ஜன்னல் ஓரம் உன் அம்மாவின் தம்பி செல்வராசு. பின்னால் நம் பங்காளிகள், பெண்டுகள், குழந்தைகள், சீர்த்தட்டு, வாழைத்தார், மேளக்காரர்கள். உன்னை அழைத்துப்போக வந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவும் பின்னால்தான் நின்றுகொண்டு வந்தார். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டும் வரைக்கும் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. கணவாயின் தலைப்பில் வழக்கம்போல இரண்டாவது கியரைப் போட்டுக் காலை எடுத்தேன். வண்டி குறையவில்லை. எஞ்சின் கத்தியதே தவிரப் பிடிக்கவில்லை, அத்தனை பாரமும் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. பிரேக்கைத் தொட்டேன், கேட்டது. முதல் வளைவில் மறுபடி மிதித்தேன், பாதி கேட்டது. அப்போது ரப்பர் கருகுகிற வாடை வந்தது. நீகூட மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அடுத்த மிதிக்குப் பெடல் கருங்கல்லாக இருந்தது. எதிரே அடுத்த வளைவு, அதற்கப்பால் வெறும் வானம். கை பிரேக்கை இழுத்து, கியரை அடித்து முதலில் தள்ளி, இடது பக்கச் சக்கரத்தை மலைப்பக்கத்து மண்மேட்டில் ஏற்றி உரச விட்டேன். வண்டி நின்றது. பின்னால் வாழைத்தார் சரிந்து யாரோ மேல் விழுந்ததற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கீழே இறங்கினேன். முழு வாக்கியம் எனக்கு வரவில்லை. வந்தது இதுதான்: "புடிக்கல. புடிக்கவே இல்ல. எல்லாரும் எறங்குங்க."

சிரிப்பு நின்றது. சித்தப்பா மெதுவாக இறங்கி என் முன்னால் வந்தார். "புடிக்கலன்னா நிச்சயத்தன்னிக்கே சொல்லியிருக்கலாம்ங்க. பொண்ண ஏத்திக்கிட்டு வந்து நடு மலையில நிறுத்தியா சொல்றது?"

எனக்கு அவர் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார் என்று பட்டது. "அன்னிக்குத் தெரியலைங்க, இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன்.

நீ அப்போது தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தாய். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பயத்தில் மாறுகிறது என்று நினைத்தேன், பாப்பா. நான் அப்படிப்பட்ட முட்டாள்.

செல்வராசு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "பெல்ட்டு வழுக்குது, வேற ஒண்ணுமில்ல மாமா. இறுக்கி வுட்டா போச்சு. நல்ல நேரம் போவுது, மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிரலாம்." நான் முடியாது என்றேன். "அப்ப நான் ஓட்டறேன், நீங்க ஒதுங்குங்க" என்றான். "நீ ஓட்டிக்க, வேண்டாம்னு சொல்லல. எம் பொண்ணும் ஜனமும் இதுல வராது" என்றேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நீ நடக்க ஆரம்பித்தாய். உன் பின்னால் எல்லோரும் நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செல்வராசு ஹாரனை அடித்துக்கொண்டே லாரியில் எங்களைத் தாண்டிப் போனான். முன்னால் கட்டியிருந்த சாமந்தி மாலை ஆடிக்கொண்டே போனது. அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, உன் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்திக் காபியும் குடித்துவிட்டான். நாம் இருட்டுகிற நேரத்தில் புழுதிக் காலோடு போய் நின்றோம். "நடந்து வந்த மருமவ" என்று உன் மாமியார் இன்றுவரைக்கும் சொல்கிறாளாம். பெண்ணைப் பெற்றவனே பிடிக்கவில்லை என்று நடு ரோட்டில் இறக்கிவிட்டான் என்ற பேச்சு எனக்கு வந்து சேர ஒரு மாசம் ஆயிற்று.

அப்போதே ஓடி வந்து நான் சொன்னது எஞ்சினை என்று விளக்கியிருக்கலாமே என்பாய். வந்தேன், உன் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். எஞ்சினைத்தான் சொன்னேன் என்றால், அப்படிப்பட்ட வண்டியிலா பெற்ற பெண்ணை ஏற்றினாய் என்று அடுத்த கேள்வி வரும். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன், உன் மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். அவர் உன்னிடம் சத்தம் போட்டுப் பேசாததும், பிள்ளைக்கு அவரே சோறு ஊட்டுவதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் படித்துக் காட்டு.

லாரியைச் செல்வராசுவிடமே கொடுத்துவிட்டேன், அதன் பிறகு அதில் நான் கால் வைக்கவில்லை. அவன் அதை ஓட்டுவதெல்லாம் சமதரையில், கரும்பும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு. அதனால்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது கேட்டால், "அன்னிக்கே கணவாயில எறக்கிக் காட்டினவன் நான்" என்கிறான். அவன் இறக்கியது காலி வண்டி என்பதை இத்தனை பேரில் ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. பாரம் முழுவதும் ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது, பாப்பா. நீ, உன் அம்மா, மேளக்காரர்கள், இடுப்பில் குழந்தையோடு உன் பெரியம்மா, நாமெல்லாம்தான் அந்தப் பாரம். இதில் இன்னொரு கெட்ட பழக்கம் வேறு. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்து உருள விடுகிறான். எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் பிரேக்கில் மிச்சமிருப்பது சும்மா ஒன்றிரண்டு மிதிதான். அவனிடம் வேலை பார்த்த டிரைவர் ஒருத்தன் போன தையில் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. "அது சொன்ன பேச்சு கேக்காத வண்டிங்கண்ணா. சந்தைக்குள்ள ஆளுங்க மேல ஏறியிருக்கும், செவுத்துல சாச்சித்தான் நிறுத்தினேன். உங்க மச்சான்கிட்ட சொன்னா சிரிக்கறாரு" என்றான்.

உன் கடிதம் வந்த உடனே பாப்பிரெட்டிப்பட்டி போனேன். உன் மாமன் வீட்டில் இல்லை, லாரி வேப்பமரத்தடியில் நின்றது. குனிந்து பார்த்தேன். பெல்ட் பளபளவென்று வழுவழுத்துக் கிடந்தது. எஞ்சினைத் தாங்குகிற வெல்டிங்கில் ஒரு துருக்கோடு, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. நேரே தர்மபுரிக்குப் போய்க் காதர் பாயிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நான் மாட்டின எஞ்சின்தாங்க. ஆனா எங்க வூட்டு ஜனத்த அதுல ஏத்த மாட்டேன்" என்றார். ராத்திரி செல்வராசுவிடம் பேசியபோது, "தாய்மாமன் ஸ்தானத்துல இருக்கறவன் நான். என் வண்டியிலதான் புள்ள வரணும், என் மடியிலதான் காது குத்தணும். அதையும் கெடுக்கப் பாக்கறீங்களா மாமா?" என்றான். உனக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் அந்த மரியாதை அவனுக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். அவன் மடியில் உட்கார வைத்துக் காது குத்து. மாலை போடு. அவன் கொண்டுவரும் சீரை முதலில் வை. வண்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்.

சொல்வது கஷ்டம் என்று தெரியும். உன் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், உன் அம்மா தன் தம்பி பக்கம் நின்று அழுவாள். அழட்டும். முகம் கோணினால் கொஞ்ச நாளில் நேராகிவிடும். பழியை என் மேல் போடு. எங்கப்பனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது, ஏறினால் ரகளை செய்வான், பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று சொல். அன்று நீ எனக்காக நடந்தாய், ஏன் என்று கேட்காமலே நடந்தாய். நான் உன்னிடம் மறுபடியும் அதையேதான் கேட்கிறேன், இந்தத் தடவை காரணத்தைச் சொல்லிக் கேட்கிறேன்.

இத்தனை எழுதியும் நீ கேட்காமல் போகலாம். என் பேச்சைக் கேட்க உனக்கு நான் எந்த நியாயமும் வைத்திருக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்யப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டையடித்து, காது குத்தி, பந்தி முடியும் வரைக்கும் உங்களோடு இருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேரனை ஒரு தடவை தூக்கிக் கொடுத்தால் போதும். அதன் பிறகு சொல்லிக்கொள்ளாமல் உங்களுக்கு முந்திப் பஸ் பிடித்துப் போய், மஞ்சவாடியில் ரோடு கீழே சாயத் தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொள்வேன். ரோட்டின் நடுவில் நிற்பேன். ஹாரன் அடித்தாலும் ஓரம் போக மாட்டேன். பிரேக் நன்றாக இருக்கிறது என்று உன் மாமன் சத்தியம் செய்கிறானே, நிறுத்திக் காட்டட்டும்.

நீ அதில் வருவதாக இருந்தால், ரோடு முழுசும் தெரிகிற முன் சீட்டில் மட்டும் உட்காராதே, பாப்பா.

அப்பா